மேட்டில் அறுபடும் கோடு

லிஃப்ட்காரரின் மனைவி முதல்முறை கூப்பிட்டபோது அவர் கணவரின் நெஞ்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் அது ஒரு சிவப்புக் கோடு.

“இது யாரு நம்பர்?” என்றது குரல்.

“நீங்க யாருன்னு சொல்லுங்க.”

“லிஃப்ட் மெக்கானிக் வீட்டுலேர்ந்து பேசறேன். எங்க வீட்டுக்காரர் இந்த நம்பருக்குத்தான் பேசறார். மொட்டை மாடிக்குப் போய்ப் பேசறார். பேசி முடிச்சதும் அழிச்சிடறார்.”

“நான் அவரோட சைக்கிள் கோச்.”

“அவருக்கு சைக்கிள் ஓட்டத் தெரியுமே.”

“தெரியும். ரொம்ப தூரம் ஓட்டறதுக்குத் தயார் பண்றேன். முக்கியமா மெதுவா ஓட்டச் சொல்லித் தர்றேன்.”

“மெதுவா ஓட்டறதுக்கு ஒரு டீச்சர்.”

“ஆமா அண்ணி.”

“யாருக்கு யாரு அண்ணி?”

வைத்துவிட்டார்.

மனைவிக்குத் தெரியாமல் அவர் என்னிடம் வருகிறார் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. கேட்டதற்கு லிஃப்ட்காரர் சிரித்தார். போன வருடப் போட்டிக்குப் பிறகு நானூறு கிலோமீட்டர் ஆசையை விட்டுவிட்டதாக வீட்டில் சொல்லியிருக்கிறாராம். காலையில் நண்பர் சலூன்காரரோடு சும்மா ஒரு சுற்று, அவ்வளவுதான் என்று.

“சொல்லிடுங்க,” என்றேன்.

“முடிச்சிட்டு மெடலோட போய்ச் சொல்றேன்.”

என் அறை மாடியில். கீழே என் கணவரின் மூக்குக்கண்ணாடிக் கடை. என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். “உன் தாத்தாங்கல்லாம் சௌக்கியமா?” என்று படியேறும்போதே கேட்பார் கணவர். அவர்களை நான் அதிகம் நேரில் பார்ப்பதில்லை. நெஞ்சைச் சுற்றி ஒரு பெல்ட் கட்டிக்கொண்டு ஓட்டுகிறார்கள். பெல்ட் துடிப்பை ஹேண்டில்பாரில் இருக்கும் சின்னப் பெட்டிக்கு அனுப்பும். வீடு திரும்பியதும் பெட்டி எனக்கு அனுப்பும். வாயால் எல்லாரும் “நல்லா இருந்துச்சு கோச்” என்பார்கள். நான் கோட்டைப் பார்ப்பேன்.

எல்லாரும் செய்யும் தவறு ஒன்றுதான். செத்துப்போய் வீடு வந்து சேர்ந்தால்தான் பயிற்சி என்று நினைக்கிறார்கள். யார் முந்தினாலும் துரத்துகிறார்கள். சாப்பிட மறக்கிறார்கள். இருபது வயது உடம்பு ஒரு ராத்திரித் தூக்கத்தில் ஆறும். அறுபது வயது உடம்பு கணக்கு வைத்துக்கொள்ளும். கடினமான ஒரு நாளுக்குப் பின் இரண்டு லேசான நாள் தருகிறேன். அந்த லேசான நாளை உண்மையிலேயே லேசாக ஓட்டவைப்பதுதான் என் வேலையில் முக்கால்வாசி.

லிஃப்ட்காரருக்கு வயது அறுபத்துமூன்று. பாதி ஓய்வு. எங்கேயாவது பழைய லிஃப்ட் மாட்டிக்கொண்டால் இப்போதும் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். போன வருடம் நானூறு கிலோமீட்டர் போட்டியில் பாதியைத் தாண்டியதும் சாலையோரம் உட்கார்ந்துவிட்டார். கடைசியாக வருகிறவர்களைப் பொறுக்கும் வேன் அவரைப் பொறுக்கியது. அடுத்த வாரம் என்னிடம் வந்தார்.

“எங்க தோத்தேன்னு சொல்லுங்க,” என்றார்.

பழைய கோட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னேன். “கிளம்பின முதல் மணி நேரத்துலயே.”

அவருக்கு அது பிடித்திருந்தது. லிஃப்ட் நிற்கிற மாடியில் கோளாறு இருக்காது என்றார். அதன்பின் சொன்னதையெல்லாம் செய்தார். அரை மணிக்கு ஒருமுறை ஏதாவது கடித்தார், குடித்தார். மேட்டில் யார் முந்தினாலும் விட்டார். மளிகைக்கடைப் பெண் கூடை வைத்த சைக்கிளில் மணியடித்துக்கொண்டு தன்னை முந்திப்போனதைப் பெருமையாகச் சொன்னார். இந்த வருட ஆரம்பத்தில் முன்னூறு கிலோமீட்டரை நேரம் மிச்சம் வைத்து முடித்தார். முடித்துவிட்டுத் தானே நடந்து போய் சைக்கிளை நிறுத்தினார். அவர் வயதில் அது பெரிய விஷயம்.

நானூறுக்கு இரண்டு மாதத்துக்கும் மேல் இருந்தபோது அது முதல்தடவை வந்தது.

சமதளம். நிதானமான வேகம். துடிப்பு நூற்றுப் பத்து. திடீரென்று நூற்றுத் தொண்ணூறு. சில நிமிடங்கள் அங்கேயே நின்றது. பிறகு மெல்ல இறங்காமல், கல்லைப் போட்டதுபோல் ஒரேயடியாகப் பழைய இடத்துக்கு விழுந்தது. வேகம் மாறவில்லை. மேடு இல்லை, யாரையும் துரத்தவில்லை.

பெல்ட் காய்ந்திருந்தால் இப்படி வரும். சட்டை உரசினாலும் வரும். பெரும்பாலும் அப்படித்தான்.

“பெல்ட்டை நனைச்சுக் கட்டினீங்களா?” என்று ஆரம்பித்தேன்.

“மறந்துட்டேன் கோச். காஞ்சபடியே கட்டிட்டேன்.”

நான் ஏன் கேட்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. அதைக் குறித்துவைத்துக்கொண்டேன்.

இரண்டாவது தடவை வந்தபோது சட்டை லூசு என்றார். மூன்றாவது தடவை பேட்டரி. ஒரே கோளாறுக்கு மூன்று காரணம் சொல்கிற மெக்கானிக்கை நான் பார்த்ததில்லை.

“டாக்டரைப் பாருங்க அண்ணே. பார்த்துட்டு வர்ற வரைக்கும் திட்டம் கிடையாது.”

“டாக்டர் என்ன சொல்வார்னு எனக்குத் தெரியும்.”

“என்ன சொல்வார்?”

“நம்ம போஸ்ட்மாஸ்டர் டாக்டர்கிட்ட போனாரே. இப்ப பார்க்குல நடக்கறார். சம்சாரத்தோட ஹேண்ட்பேக்கைத் தூக்கிட்டு.”

“நடக்கறார் இல்ல?”

“அதுக்குப் பேரு நடையா கோச்?”

ஒரு வாரம் அவகாசம் கேட்டார். புது பெல்ட் வாங்குகிறேன், அதிலும் வந்தால் அன்றைக்கே டாக்டர் என்றார். நியாயமாகத்தான் இருந்தது. ஒப்புக்கொண்டேன்.

புது பெல்ட்டில் எதுவும் வரவில்லை. அந்த வாரம் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. கோடு கழுவித் துடைத்ததுபோல் இருந்தது.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.

ஒருவரின் கோட்டை மாதக்கணக்கில் பார்த்தால் அது அவர் நடை மாதிரி ஆகிவிடும். முகம் தெரியாத தூரத்திலும் ஆள் தெரியும். லிஃப்ட்காரர் சிக்னலில் நின்றால் துடிப்பு சட்டென்று இறங்கும். இப்போது மெதுவாக இறங்கியது, கனமான ஒருவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்காருவதுபோல். வெயில் என்று நினைத்தேன். களைப்பு என்று நினைத்தேன். இன்னொன்றும் இருந்தது. கோடு நடுநடுவே அறுந்தது. ஒரு நிமிடம் காணாமல் போகும், திரும்ப வரும். புது பெல்ட் மட்டமானது என்று எழுதிவைத்தேன்.

அந்தச் சமயத்தில் மனைவி இரண்டாவது தடவை கூப்பிட்டார். இந்த முறை யார் என்று கேட்கவில்லை.

“என்னை என்ன முட்டாள்னு நினைச்சிட்டாரா? காலைல எழுந்ததும் கட்டில் ஓரத்துல உக்காந்துக்கறார். நெஞ்சுல கையை வச்சிட்டு எங்கேயோ பாக்கறார். காபி ஆறிப்போகுது. கூப்பிட்டா காதுல விழறதில்ல. இந்த வயசுல யாரை நினைச்சு உருகறார்?”

திரையில் அவருடைய கோட்டைத் திறந்தேன்.

“பேச மாட்டீங்களே. உங்களைப் பத்தித்தானே கேக்கறேன்.”

“அவர்கிட்டயே கேளுங்க அண்ணி.”

“கேட்டேன். ஒண்ணுமில்லைங்கறார். நிஜமாவே ஒண்ணுமில்லாத ஆம்பளை ஒண்ணுமில்லைன்னு சொல்லி நான் கேட்டதில்ல.”

ஒரு வார்த்தையில் என் பேரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கலாம். ஆனால் என்னிடம் வருகிறவர்களின் உடம்பைப் பற்றி வீட்டாரிடம் பேசுவதில்லை என்று முதல் நாளே வாக்குக் கொடுப்பேன். ஒருமுறை பேசிவிட்டால் அதன்பின் ஒருவரும் என்னிடம் உண்மை சொல்ல மாட்டார்கள். முழங்கால் வலியை மறைப்பார்கள், தூங்காத ராத்திரியை மறைப்பார்கள். உண்மை வராவிட்டால் நான் எழுதுகிற திட்டம் ஆபத்து.

“நான் சொல்றதுக்கு எதுவும் இல்ல,” என்றேன்.

“அதுவும் ஒண்ணுமில்லைதான்,” என்று வைத்தார்.

நெஞ்சில் கை. புது பெல்ட். கழுவித் துடைத்த கோடு. மூன்றும் ஒரே மனிதருக்குப் பொருந்தவில்லை.

திரும்ப உட்கார்ந்தேன். அறுந்த இடங்களை எல்லாம் எடுத்து, சாலையின் ஏற்ற இறக்கத்தை அதன் கீழே வைத்தேன். ஒவ்வொரு முறையும் மேட்டில் அறுந்திருந்தது. பாலத்து மேடு, தண்ணீர்த்தொட்டி மேடு, கல்லறைக்குப் பின்னால் இருக்கும் செங்குத்து. பாதி மேட்டில் காணாமல் போகும். உச்சியைத் தாண்டி அவர் வேகம் குறைத்ததும் திரும்ப வரும்.

மேட்டில்தான் வியர்வை அதிகம். ஈரத்தில் பெல்ட் நன்றாகப் பிடிக்கும். அங்கே அறுபடக் காரணம் இல்லை. அதன் சிக்னல் சில அடி தூரம்தான் போகும், ஆனால் நெஞ்சுக்கும் ஹேண்டில்பாருக்கும் உள்ள தூரம் மேட்டில் கூடிவிடாதே.

கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மேட்டில் அவர் முன்னால் போகிறார். நெஞ்சு பின்னால் வருகிறது.

அவரோடு காலையில் ஓட்டுகிற சலூன்காரரின் கடை, கடைத்தெருவின் முனையில் இருந்தது. இரண்டு நாற்காலி, ஒன்றில் ஒருவர் முகம் முழுக்க நுரையோடு சாய்ந்திருந்தார். சலூன்காரர் கத்தியைத் தோல்பட்டையில் தீட்டிக்கொண்டிருந்தார். அகலமான மனிதர், சின்னக் கண்கள். என்னைக் கண்ணாடியில் பார்த்தார், திரும்பவில்லை.

“லேடீஸுக்கு இங்க பண்றதில்லைங்க.”

“நான் லிஃப்ட்காரரோட கோச்.”

கத்தி ஒரு கணம் நின்றது. பிறகு தீட்டியது.

“அவர் இங்க இல்லையே.”

“உங்களைத்தான் பாக்க வந்தேன். மேட்டுல அவரைவிட நீங்க எவ்வளவு பின்தங்குவீங்க?”

“ரொம்பல்லாம் இல்ல,” என்றார், கொஞ்சம் ரோஷத்தோடு. “கொஞ்சம். உச்சில நின்னு பார்ப்பார், வந்துடுவேன்.”

“மத்த இடத்துல?”

“அவர் பின் டயரை விடமாட்டேன். ஒட்டிக்கிட்டே வாடான்னு அவர்தான்...” நிறுத்திக்கொண்டார்.

“இன்னைக்கு பெல்ட்டைக் கழட்டினீங்களா, இல்லையா?”

அவர் கை தானாக நெஞ்சுக்குப் போனது. நுரைமுகம் கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்தது.

“நீங்க கண்ணை மூடுங்க சார், சோப்பு எரியும்,” என்றார் சலூன்காரர். என்னை வாசலுக்கு அழைத்து வந்தார். கத்தி கையிலேயே இருந்தது. “மத்தியானம் சாப்பிடப் போகும்போதுதான் கழட்டுவேன். சம்சாரம் கேட்டதுக்கு முதுகுவலி பெல்ட்டுன்னு சொல்லியிருக்கேன்.”

“எதுக்கு உங்களைக் கட்டச் சொன்னார்?”

“அவர் உடம்புல அது சரியா உக்கார மாட்டேங்குதாம். நீங்க திட்டுவீங்களாம்.”

“நம்பினீங்களா?”

அவர் தெருவைப் பார்த்தார். “நான் கேக்கல.”

“ஏன் கேக்கல?”

“கேட்டா சொல்லிடுவாரே.”

எதிர்க்கடையில் யாரோ ஷட்டரை இழுத்தார்கள். சலூன்காரர் குரலைத் தாழ்த்தினார்.

“ஒண்ணு கேக்கலாமா? என்னோடது எப்படி இருக்கு?”

“எது?”

“நெஞ்சு. இத்தனை நாளா பாக்கறீங்களே.”

“நல்லா இருக்கு. ஆரம்பத்துக்கு இப்ப தேவலை. லேசான நாளை லேசா ஓட்டறீங்க.”

“அவர் ஓட்டற மாதிரிதானே ஓட்டணும்.” முகம் மலர்ந்துவிட்டது. “எங்க வீட்டுல ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. இதை எழுதிக் குடுப்பீங்களா?”

உள்ளே நுரைமுகம் இருமியது.

லிஃப்ட்காரர் எங்கே என்று அவர்தான் சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு பழைய ஆறு மாடிக் கட்டிடம். லிஃப்ட் நின்றிருந்தது, படியேறிப்போனேன். ஒவ்வொரு மாடியிலும் ஒரு கதவு திறந்து “சரியாயிடுச்சா?” என்று கேட்டது. உச்சியில் இரும்புக் கதவு. உள்ளே எண்ணெய் வாசனை, ஒரு ஜன்னல், பெரிய சக்கரத்தின் மேல் ஆறு கம்பிக் கயிறுகள். அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பிரேக்கைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒல்லியான முதுகு. கையெல்லாம் கிரீஸ்.

என்னைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

“சலூன்காரன் உளறிட்டானா?”

“அவர் உளறலை. கோடு மேட்டுல அறுந்துச்சு.”

மெக்கானிக் அல்லவா, ஒரு கணம்தான் யோசித்தார். சிரித்துவிட்டார். “டயரைப் பிடிச்சிட்டு வாடான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். தொப்பை விடல.”

நான் சிரிக்கவில்லை.

“எப்பல்லாம் வருது?”

“என்னது?”

“அண்ணே.”

ஸ்பேனரைக் கீழே வைத்தார். “முன்னெல்லாம் எப்பவாச்சும். இப்ப சில நாள் எழுந்ததுமே. மீன் துள்ற மாதிரி துள்ளும். அப்புறம் அடங்கிடும். வலி கிலி ஒண்ணும் இல்ல.”

“கையைக் குடுங்க.”

“கிரீஸ்,” என்று இரண்டு கையையும் பின்னால் வைத்துக்கொண்டார், திருடிய பண்டத்தை மறைப்பதுபோல்.

“இதுக்குப் பேர் சொல்ல வேண்டியது டாக்டர். ஆனா வருஷக்கணக்கா தூரம் ஓட்டறவங்களுக்கு வயசானா வர்ற ஒண்ணு இருக்கு. மருந்து இருக்கு. கவனிக்காம விட்டா ரத்தம் கட்டி மூளைக்குப் போகலாம். திரும்ப ஓட்டறவங்களும் இருக்காங்க.”

“எப்ப திரும்ப?”

“அதையும் டாக்டர்தான் சொல்லணும்.”

“நானூறை முடிச்சிட்டுப் போறேன். ஆறு வாரம். டாக்டர் ஓடியா போயிடுவார்?”

“ராத்திரி, தனி ரோட்டுல, துள்ள ஆரம்பிச்சா?”

கந்தலை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

“போன வருஷம் அந்த வேன் டிரைவர் வழி பூரா என்னைத் தாத்தான்னு கூப்பிட்டான்,” என்றார். “தண்ணி வேணுமா தாத்தா, ஒண்ணுக்குப் போகணுமா தாத்தா. நல்லவன்தான். இறங்கும்போது கையைப் பிடிச்சு இறக்கிவிட்டான். அவன் வயசுல நான் கயித்துல தொங்கிட்டு வேலை பார்த்தேன்.”

“அண்ணிகிட்ட சொல்லுங்க.”

“சொன்னா சைக்கிளை அன்னைக்கே எடைக்குப் போட்டுடுவா.”

“அவங்க என்னைச் சந்தேகப்படறாங்க.”

“தெரியும்.”

“தெரியுமா?”

“ஜாடையா கேட்டா. புரியாத மாதிரி இருந்துட்டேன்.” தரையைப் பார்த்துப் பேசினார். “அவ அங்கேயே தேடிட்டு இருக்கட்டும் கோச். இந்த நெஞ்சுப் பக்கம் வர மாட்டா. போட்டி முடிஞ்சதும் நானே எல்லாத்தையும் சொல்லிச் சரி பண்ணிடறேன்.”

“என் பேரை வச்சா?”

“சந்தேகத்துல யாரும் செத்துப்போயிட மாட்டாங்க. நீங்களும் சாக மாட்டீங்க, அவளும் சாக மாட்டா.” பிறகு, கொஞ்சம் கூச்சத்தோடு, “உண்மையச் சொன்னா, இந்த வயசுல அப்படி ஒரு சந்தேகம் கொஞ்சம் பெருமையாக்கூட இருக்கு.”

“இன்னையிலேர்ந்து நான் உங்க கோச் இல்ல.”

மிரட்டலாகத்தான் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். “பரவாயில்ல. சொல்லிக் குடுத்த வரைக்கும் போதும்.”

அவர் சொன்னது சரி. இறங்கும்போது அதுதான் உறைத்தது. போன வருடத்து மனிதர் பாதி வழியில் களைத்து உட்கார்ந்துவிடுவார், வேன் வந்து பொறுக்கிவிடும். இந்த வருடத்து மனிதருக்குச் சாப்பிடத் தெரியும், காலைக் காப்பாற்றத் தெரியும், மேட்டில் அடங்கி ஏறத் தெரியும். உட்கார மாட்டார். எங்கே நிற்பார் என்று எனக்குத் தெரியவில்லை. அங்கே கொண்டுபோய்விட நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

மூன்றாம் மாடியில் ஒரு கதவு திறந்தது. “சரியாயிடுச்சா?”

“இல்ல,” என்றேன்.

அந்த வாரக் கடைசியில் கணவர் கீழேயிருந்து குரல் கொடுத்தார். “உன்னைப் பாக்க ஒருத்தங்க வந்திருக்காங்க. கண்ணாடி வாங்க வந்த முகமா தெரியல.”

லிஃப்ட்காரரின் மனைவி படியேறி வந்து வாசலிலேயே நின்றார். சின்ன உருவம். கைப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். மேஜை, திரை, சுவரில் மாட்டியிருந்த என் சைக்கிள், காயப்போட்ட காலுறைகள். கதவுக்குப் பின்னால்கூட ஒரு பார்வை. கடைசியாக என்னை.

“உங்களுக்கு என்ன வயசு?”

“நாப்பத்தேழு.”

“கீழ இருக்கறது?”

“என் வீட்டுக்காரர்.”

“நான் வேற மாதிரி நினைச்சேன்.”

“எப்படி?”

“பாக்க நல்லா இருப்பீங்கன்னு.”

நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை.

“நான் நாப்பது வருஷமா அவரோட இருக்கேன்,” என்றார். “அவர் பொய் சொன்னா எனக்குத் தெரியும். இப்ப சொல்றார். எதைப் பத்தின்னுதான் தெரியல. உங்களைப் பத்தின்னு நினைச்சேன். உங்களைப் பார்த்தா அப்படியும் தோணல. அப்ப எதைப் பத்தி?”

திரை என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அதைத் திருப்பினால் போதும். என் வாக்கு, அவர் உயிர் என்று இரண்டையும் பல நாளாக எடை போட்டுப் பார்த்துவிட்டேன். அவர் இப்போது என்னிடம் பயிற்சி பெறுகிறவர் இல்லை என்பது ஒரு சாக்கு. வாக்கு கொடுத்தபோது அப்படி ஒரு விலக்கு வைக்கவில்லை.

“கையைக் குடுங்க,” என்றேன்.

“எதுக்கு?”

“குடுங்க அண்ணி.”

இந்த முறை எதிர்த்துப் பேசவில்லை. கைப்பையை மேஜைமேல் வைத்தார். அவருடைய மணிக்கட்டைத் திருப்பி, கட்டைவிரலுக்குக் கீழே அவருடைய மற்றக் கையின் இரண்டு விரல்களையே வைத்தேன். “அழுத்தாதீங்க. சும்மா வச்சா போதும். தெரியுதா?”

சற்று நேரம் பிடித்தது. “தெரியுது.”

“எப்படிப் போகுது?”

“அது பாட்டுக்குப் போகுது.”

“ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல இடைவெளி ஒரே மாதிரி இருக்கா?”

“ஒரே மாதிரிதான்.”

“நாளைக்குக் காலைல அவர் கட்டில் ஓரத்துல உக்காரும்போது அவர் கையைப் பிடிச்சு இதே மாதிரி பாருங்க. ஒரு நாள் சரியா இருந்தாலும் விடாதீங்க, மறுநாளும் பாருங்க. தினமும் ஒரே மாதிரி இருந்தா, என்னைப் பத்தி என்ன வேணா நினைச்சுக்கங்க.”

“இல்லைன்னா?”

“உடுத்தின துணியோட டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.”

விரல்களை எடுக்கவில்லை. தன் துடிப்பையே கேட்டுக்கொண்டு நின்றார். நெஞ்சில் கை, ஆறிப்போன காபி, எல்லாம் அவருக்குள் வேறு வரிசையில் அடுக்கப்படுவதைப் பார்க்க முடிந்தது. பிறகு உட்கார்ந்தார்.

“எத்தனை நாளா?”

“அவரைக் கேளுங்க.”

“அவர் சொல்ல மாட்டார். நீங்களும் சொல்ல மாட்டீங்க. நல்ல ஜோடிதான்.” தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. “எதுக்குக் கையைப் பிடிக்கறேன்னு கேட்டா என்ன சொல்றது? நான் அப்படியெல்லாம் பிடிக்கற ஆள் இல்ல.”

“சந்தேகமா இருக்குன்னு சொல்லுங்க.”

அதை ஏற்றுக்கொண்டார். பையை எடுத்துக்கொண்டு இறங்கிப்போனார்.

அடுத்த இரண்டு நாட்கள் போன் வரவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் லிஃப்ட்காரர் கூப்பிட்டார். பின்னணியில் யாரோ டோக்கன் நம்பர் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

“அவகிட்ட நீங்க சொன்னீங்களா?”

“இல்ல.”

“பின்ன எப்படி? நாப்பது வருஷத்துல இல்லாத வழக்கம். மூணு நாளா காலைல வந்து பக்கத்துல உக்காந்து கையைப் பிடிக்கறா. முத ரெண்டு நாளும், என்னமோ பாசம்னு நினைச்சு நானும் குடுத்துட்டேன். இன்னைக்குப் பிடிச்சா, விடவே இல்ல. ஆட்டோ வர்ற வரைக்கும் விடல.”

“பார்க்கச் சொல்லிக் குடுத்தேன்.”

டோக்கன் நம்பர் இன்னொன்று போனது.

“இதைத் துரோகம்னு சொல்லலாமா?”

“சொல்லலாம்.”

“சொல்லிட்டேன்.” மூச்சு விட்டார். “மெஷின்ல பார்த்தாங்க. நீங்க சொன்ன அதுதான். மாத்திரை எழுதியிருக்கு. இந்த வருஷம் நானூறு கிடையாதாம்.”

“அடுத்த வருஷம்?”

“கேட்டேன். டாக்டர் என் முகத்தைப் பார்த்தார், அவ முகத்தைப் பார்த்தார், பேப்பரைப் பார்த்தார்.” பிறகு அவசரமாக, “அவ வர்றா. வைக்கறேன்,” என்று வைத்தார். இம்முறை யாரிடம் பேசினார் என்று சொல்லியிருப்பாரா, அழித்திருப்பாரா, தெரியாது.

போட்டி அவர் இல்லாமல் நடந்தது. என்னிடம் வருகிறவர்களில் மூன்று பேர் முடித்தார்கள், ஒருவர் வேனில் வந்தார். லிஃப்ட்காரர் பேசவில்லை. நானும் கூப்பிடவில்லை. திரையில் அவர் பேருக்கு எதிரே காலியாக இருந்தது.

மழை ஆரம்பித்த பிறகு ஒரு நாள் மனைவி கூப்பிட்டார்.

“டாக்டர் மெதுவா ஓட்டலாம்னுட்டார். சமதளத்துல மட்டும். மெதுவான்னா எவ்வளவு? இவர் ஒண்ணு சொல்றார், சலூன்காரர் ஒண்ணு சொல்றார். ரெண்டு பேரையும் நான் நம்பறதா இல்ல.”

“பேசிட்டே ஓட்டற வேகம் அண்ணி. மூச்சு வாங்காம முழு வாக்கியம் பேச முடியணும். திணறினா வேகம் அதிகம்னு அர்த்தம்.”

“யார்கிட்ட பேசணும்?”

“கூட வர்றவங்ககிட்ட.”

“கூட நான்தான் போகப்போறேன். ஸ்கூட்டர்ல, பக்கத்துலயே.”

அதை மனதில் போட்டுப் பார்த்தேன். காலைச் சாலை, ஒல்லியான முதுகு, பக்கத்தில் ஸ்கூட்டர்.

“என்மேல கோபத்துல இருக்கார்,” என்றார் மனைவி. “வாயே திறக்காம ஓட்டினா எப்படிக் கண்டுபிடிக்கறது?”

“நீங்க ஏதாவது கேளுங்க. பதில் திணறாம வருதான்னு பாருங்க.”

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம். எழுதிக்கொள்கிறார் போலிருந்தது.

“கேக்கறதுக்கு நிறைய இருக்கு,” என்றார்.